தண்ணி வந்தா சத்தம் போடும்! – நான் செய்த முதல் சர்க்யூட் போர்டு

மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். "நம்ம டிபார்ட்மென்ட்ல இருந்து ஏற்கெனவே ஏழு கவிதை வந்திருக்கும்மா. டெக்னிக்கலா ஏதாவது கொடு" என்றார். டெக்னிக்கலாக நானே என் கையால் செய்து, கெடுத்து, மறுபடி செய்தது ஒன்றே ஒன்றுதான். நோட்டுப் புத்தக அளவில் பாதிகூட இல்லாத ஒரு சர்க்யூட் போர்டு. அதைப் பற்றியே எழுதுகிறேன். முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு உதவும். சீனியர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் ஐயம்பேட்டை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது. பட்டுச்சேலை நெய்கிற ஊர். எங்கள் வீட்டிலும் கூடத்தில் பாதியைத் தறிக்குழி எடுத்துக்கொண்டுவிட்டது. அப்பா நெய்வது கோர்வைச் சேலை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஊடையிலேயே பூட்டிக்கொண்டு போக வேண்டும். இதற்குத் தறியில் ஒரு ஆள் போதாது. ஒரு பக்கக் கரைக்கான நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. அம்மா எழுந்தால் தறி நின்றுவிடும்.

தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. காலை ஐந்தரை என்பார்கள், ஏழு ஆகும். சில நாள் நாலே முக்காலுக்கே வந்து போயிருக்கும். நான் வீட்டில் இருந்தவரை குழாயடி என் பொறுப்பு. பாலிடெக்னிக் சேர்ந்து, ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஆரம்பித்ததும் அது அம்மா தலையில் விழுந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பாள். அந்த நேரமெல்லாம் அப்பா வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் இரண்டு பேருக்கும் இதிலேயே சண்டை வந்து, அன்றைக்குச் சோறு ஆக்கத் தண்ணி இல்லை, தறியும் ஓடவில்லை. "எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறியே, இதுக்கு ஒண்ணும் இல்லியாடி உன் புஸ்தகத்துல?" என்று அம்மா கேட்டாள். கோபத்தில் கேட்டதுதான். ஆனாலும் நியாயமான கேள்வி!

இருக்கிறது. குழாய்க்கு அடியில் ஒரு குடம். குடத்துக்குள் தொங்கும் இரண்டு கம்பிகள். தண்ணீர் வந்து இரண்டையும் தொட்டால் உள்ளே ஒரு ஸ்பீக்கர் கத்த வேண்டும். அவ்வளவுதான்.

சர்க்யூட்டை முதலில் பார்த்துவிடுவோம். இதில் நம் எல்லோருக்கும் தெரிந்த 555 டைமர் ஐ.சி. ஒன்று, பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்று, ஆறு ரெசிஸ்டர், நாலு கெப்பாசிட்டர். 555-ஐ ஏஸ்டேபிளாக, அதாவது தானே இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கும்படி போட்டிருக்கிறேன். 8-ஆம் காலிலிருந்து 7-ஆம் காலுக்கு 10 கிலோ ஓம். 7-லிருந்து 6-க்கு 68 கிலோ ஓம். 6-ம் 2-ம் ஒன்றாகச் சேர்ந்து, அங்கிருந்து 0.01 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வழியாகக் கிரவுண்டுக்கு. நோட்டில் எழுதிய சூத்திரம் ஞாபகம் இருக்கிறதா? 1.44-ஐ, முதல் ரெசிஸ்டரையும் இரண்டாவதின் இரு மடங்கையும் கூட்டிக் கெப்பாசிட்டரால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 10 கூட்டல் 136, ஆக 146 கிலோ ஓம். கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏறக்குறைய 986 துடிப்பு. காதைக் குத்துகிற ‘கீ’ சத்தம். 3-ஆம் காலிலிருந்து 100 ஓம், 10 மைக்ரோ ஃபாரட் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது.

இதைத் தண்ணீர் வரும்வரை வாய் மூடி இருக்கச் செய்வது 4-ஆம் கால், ரீசெட். அதைக் கிரவுண்டுக்கு இழுத்து வைத்தால் ஐ.சி. சும்மா இருக்கும். விட்டால் கத்தும். "அப்படின்னா குடத்துக் கம்பியை நேரா நாலாம் காலுக்குக் கொடுத்துட்டா போச்சே, டிரான்சிஸ்டர் எதுக்கு?" என்று என் பெஞ்ச்மேட் கேட்டாள். நானும் அப்படித்தான் முதலில் செய்தேன். வேலை செய்யவில்லை. ரீசெட் காலைக் கீழே பிடித்து வைக்க 1 கிலோ ஓம் போல ஒரு சின்ன ரெசிஸ்டர் தேவை. பெரிது போட்டால் அந்தக் காலிலிருந்து கசிந்து வரும் கரண்டே அதைத் தூக்கிவிடும். தண்ணீரோ மோசமான கம்பி. எங்கள் வீட்டுக் குடத்தில் இரண்டு கம்பிக்கு நடுவில் மல்டிமீட்டர் 30-லிருந்து 60 கிலோ ஓம் வரை காட்டியது. 60 கிலோ ஓம் ஒரு பக்கம், 1 கிலோ ஓம் ஒரு பக்கம் என்றால் கயிறு இழுக்கும் போட்டியில் யார் ஜெயிப்பார்? அதனால்தான் நடுவில் டிரான்சிஸ்டர். கலெக்டர் நேராக ஒன்பது வோல்ட்டுக்கு. பேஸுக்குத் தண்ணீர் வழியாக வரும் துளிக் கரண்ட், கூடவே 10 கிலோ ஓம் ஒரு காவலுக்கு. எமிட்டர் 4-ஆம் காலுக்கு. துளிக் கரண்டை நூறு மடங்குக்கு மேல் பெருக்கி அது 4-ஆம் காலைத் தூக்கிவிடுகிறது. குடம் காய்ந்திருக்கும்போது பேஸ் அந்தரத்தில் தொங்காமல் இருக்க 1 மெகா ஓம் கிரவுண்டுக்கு. 5-ஆம் காலில் இன்னொரு 0.01, சப்ளைக்குக் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட். சர்க்யூட் முடிந்தது.

பிரெட்போர்டில் இது முதல் நாளே கத்தியது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்தேன். இரண்டாம் நாள் பூனை தட்டிவிட்டது, மூன்றாம் நாள் தம்பி ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டான். பிரெட்போர்டு லேபுக்குத்தான் லாயக்கு. வீட்டில் ஓட வேண்டுமென்றால் சால்டர் செய்த போர்டு வேண்டும்.

இப்போது கே-கேட் மாதிரி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வரைந்து அனுப்பினால் போர்டு செய்து பார்சலில் அனுப்பும் கம்பெனிகளும் உண்டு. பிறகு கையால் எதற்கு? எனக்கு இரண்டு காரணம். ஒன்று, பன்னிரண்டு உதிரி பாகத்துக்கு மென்பொருள் கற்றுக்கொள்ளும் நேரத்தில் போர்டே செய்துவிடலாம். இரண்டு, என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை! இரண்டாவதுதான் உண்மையான காரணம்.

இதற்காக நான் வெட்கப்படவில்லை. காரணம் அந்த 555 ஐ.சி.யே. அதை வடிவமைத்தவர் ஹான்ஸ் கமென்சிண்ட், சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர். 1971-இல் சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காகத் தனி ஆளாக உட்கார்ந்து செய்தார். 1972-இல் விற்பனைக்கு வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தச் சில்லின் படத்தை அவர் கையாலேயே வரைந்து, ரூபிலித் என்ற சிவப்புப் படலத்தைக் கத்தியால் கீறிக் கீறி உரித்தே மாதிரி செய்தார். முதலில் அவர் போட்ட டிசைனுக்கு ஒன்பது கால் தேவைப்பட்டது. பிறகு உள்ளே இருந்த கரண்ட் சோர்ஸை எடுத்துவிட்டு வெளியே ஒரு சாதாரண ரெசிஸ்டர் போதும் என்று கண்டுபிடித்தார். ஒரு கால் குறைந்து, எட்டுக் கால் உறைக்குள் அடங்கிவிட்டது. நாம் 7-ஆம் காலில் ரெசிஸ்டர் மாட்டும்போதெல்லாம் அந்த மிச்சப்படுத்தலைத்தான் பயன்படுத்துகிறோம். 2012-இல் அவர் காலமானார். ஐ.சி. இன்றும் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

சாமான் வாங்க அண்ணனோடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். காப்பர் கிளாட் போர்டு இரண்டு விதம் கேட்டு வாங்கலாம். பழுப்பு நிறத்தில் இருப்பது காகிதமும் பிசினும் சேர்த்து அழுத்தியது. விலை குறைவு, ஓட்டை போடும்போது ஓரம் பிய்யும். வெளிர் பச்சையாக, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி இருப்பது கண்ணாடி இழை, எஃப்.ஆர்.4. கொஞ்சம் கூடக் கொடுத்து இதையே வாங்குங்கள். ஏன் என்பது பின்னால் தெரியும். மேலே ஒட்டியிருக்கும் செம்பின் கனம் சாதாரணமாக 35 மைக்ரான்தான்.

ஒரு முக்கியமான விஷயம். பாகங்களைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் போர்டு வரையாதீர்கள். புத்தகத்தில் கெப்பாசிட்டர் என்றால் இரண்டு கோடு. கையில் வரும் கெப்பாசிட்டர் சிலது பருமன், சிலது ஒல்லி, கால் இடைவெளி ஒவ்வொன்றுக்கும் வேறு. நான் செய்தது இப்படி. ஒரு தெர்மோகோல் துண்டு எடுத்து அதன்மேல் கிராஃப் தாளை வைத்து, பாகங்களை ஒவ்வொன்றாகக் குத்தி நிறுத்தினேன். பிடிக்கவில்லையென்றால் பிடுங்கி வேறு இடத்தில் குத்தலாம். ரப்பர் போட்டு அழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கிராஃப் தாளில் ஒரு பொறி இருக்கிறது. ஐ.சி. கால்களுக்கு நடுவில் உள்ள தூரம் ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பாகம், அதாவது 2.54 மில்லிமீட்டர். நம் ரெக்கார்டு நோட்டு கிராஃப் மில்லிமீட்டர் கணக்கு. 2.5 என்று வைத்துக்கொண்டு வரைந்தால் என்ன ஆகும்? 555-க்கு ஒரு பக்கம் நாலு கால், மூன்று இடைவெளி. மொத்தத் தவறு 0.12 மில்லிமீட்டர். கால் கொஞ்சம் வளைந்து கொடுத்துவிடும். இதே நாற்பது கால் ஐ.சி. என்றால் பக்கத்துக்குப் பத்தொன்பது இடைவெளி, தவறு 0.76 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஐ.சி. உள்ளேயே போகாது. பெரிய ஐ.சி. போடுகிறவர்கள் அங்குலக் கிராஃப் தேடி வாங்குங்கள்.

கோடு இழுப்பதுதான் உண்மையான வேலை. சர்க்யூட் படத்தில் ஒரு கோடு இன்னொன்றைத் தாண்டிப் போகலாம், பாதகமில்லை. ஒற்றைப் பக்கச் செப்பில் தாண்டவே கூடாது. தாண்டினால் ஷார்ட். சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இது தலைகீழ்க் கணக்கு. அங்கே கோடுகள் குறுக்கே போனால்தான் அழகு, இங்கே போனால் ஐ.சி. காலி. நான் ஐந்து தாள் கிழித்தேன். பிறகுதான் சில வழிகள் பிடிபட்டன. கிரவுண்டைப் போர்டைச் சுற்றி, சேலைக்குக் கரை கட்டுகிற மாதிரி, மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் முதலில் ஓட்டிவிட்டேன். எந்த மூலையிலிருந்தும் கிரவுண்டு எட்டும் தூரத்தில் கிடைக்கும். 2-ஐயும் 6-ஐயும் சேர்க்கும் கோடு ஐ.சி.யின் வயிற்றுக்கு அடியில் சாய்வாகப் போகலாம். இரண்டு வரிசைக் கால்களுக்கு நடுவே 7.62 மில்லிமீட்டர் காலியாகக் கிடக்கிறதே! இன்னொன்று, ரெசிஸ்டரே ஒரு பாலம். அதன் இரண்டு கால்களுக்கு நடுவில் ஒரு சென்டிமீட்டர் இருந்தால், அடியில் இரண்டு கோடு தாராளமாகப் போகும். இதெல்லாம் செய்தும் ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். அங்கே வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் கால் துண்டை ஜம்பராக வைத்தேன். ஜம்பர் வைப்பது கேவலம் என்று ஒரு சீனியர் சொன்னார். அவர் போர்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

கோட்டின் அகலம் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். இந்த சர்க்யூட்டில் ஓடுவது நூறு மில்லி ஆம்பியருக்கும் கீழே. கரண்டுக்காக என்றால் மெல்லிய கோடே போதும். ஆனால் கையால் வரைவதற்கும், பெர்ரிக் குளோரைடு கோட்டின் ஓரத்தைப் பக்கவாட்டில் அரிப்பதற்கும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டர் வைத்தேன்.

இனிமேல்தான் என் மானம் போன கதை.

தெர்மோகோல் மேல் வைத்து வரைந்த படம் அழகாக இருந்தது. அதை அப்படியே கார்பன் வைத்துச் செப்பில் பதித்தேன். மார்க்கர் பேனாவால் இரண்டு தரம் எழுதினேன். அகலமான இடங்களுக்கு நெயில் பாலிஷ். பெர்ரிக் குளோரைடில் போட்டு எடுத்தேன், துளையிட்டேன், சால்டர் செய்தேன். பேட்டரி மாட்டினேன். குடத்தில் தண்ணீர் ஊற்றினேன். சத்தமே இல்லை. ஐ.சி. மேல் விரல் வைத்தேன், சுரீர் என்றது! பேட்டரியும் சூடு. அதற்குள் ஐ.சி. போய்விட்டது.

மறுநாள் லேபில் சாரிடம் காட்டினேன். அவர் சர்க்யூட் படத்தைப் பார்க்கவே இல்லை. போர்டைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். எஃப்.ஆர்.4 என்பதால் அடியில் இருந்த செப்புக் கோடுகள் மேல்பக்கத்திலிருந்தே நிழலாகத் தெரிந்தன. "எந்தப் பக்கம் இருந்து பார்த்து வரைஞ்சே?" என்று மட்டும் கேட்டார்.

புரிந்துவிட்டது. நான் வரைந்தது பாகங்கள் நிற்கும் மேல்பக்கத்திலிருந்து பார்த்த படம். செப்பு இருப்பதோ கீழ்ப்பக்கம். மேலிருந்து பார்த்த படத்தை அப்படியே கீழே ஒட்டினால் இடது வலது மாறிவிடும். ரப்பர் ஸ்டாம்பில் எழுத்துகள் திருப்பி இருந்தால்தானே தாளில் நேராக விழும்? அது போல. மேலிருந்து பார்த்தால் 555-இன் கால்கள் வெட்டுக்குறிக்கு இடப்பக்கம் தொடங்கி கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் எண்ணப்படும். கீழிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசையில். என் போர்டில் 1-ம் 8-ம் இடம் மாறின, 2-ம் 7-ம் மாறின, 3-ம் 6-ம், 4-ம் 5-ம் மாறின. 1 கிரவுண்டு, 8 சப்ளை. ஆக நான் ஒன்பது வோல்ட்டைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறேன். சூடாகாமல் என்ன செய்யும்!

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தவறில் மற்ற பாகங்கள் எல்லாம் தப்பித்துவிடும். ரெசிஸ்டருக்கு முகமே கிடையாது. டிரான்சிஸ்டருக்கு மூன்று கால், ஒரே வரிசை. முகத்தைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். ஐ.சி. மட்டும் எப்படிச் சுற்றிப் போட்டாலும் பொருந்தாது. அதற்கு ஒரே வழி, ஐ.சி.யைச் செப்புப் பக்கத்திலேயே உட்கார வைப்பது. "அப்படி வெச்சு சால்டர் பண்ணினா இதே போர்டு ஓடும்" என்று சார் சொன்னார். உண்மைதான். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் ஜன்னலில் வைக்கப் போகும் முதல் போர்டு குப்புற நிற்கலாமா? மறுபடி செய்வதென்று முடிவு செய்தேன்.

எங்கள் தெருவில் பெரியப்பா ஒருவர் ஜக்கார்டுக்கு அட்டை அடிக்கிறார். சேலையில் விழ வேண்டிய மயிலையும் மாங்காயையும் முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு நூலாகக் கணக்குப் பண்ணி, அதன்படி அட்டையில் ஓட்டை போடுவார்கள். ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804 வாக்கில் பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் கொண்டுவந்த முறை. ஓட்டை அட்டையால் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் பழக்கம் பின்னால் வந்ததும் இதைப் பார்த்துத்தான். என் எரிந்த போர்டைப் பெரியப்பாவிடம் காட்டினேன். மின்சாரம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ஒரு மூலையில ஒரு அடையாளம் போட வேணாமா? எது மேல், எது கீழன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வேலை முடிந்தது. இரண்டாவது தடவை செய்தது இதுதான், நீங்களும் செய்யுங்கள். மேல்பக்கப் படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, மூலையில் ‘அ’ என்று ஒரு எழுத்து எழுதினேன். தாளைக் கவிழ்த்துப் போட்டேன். இப்போது தெரிவதுதான் செப்புப் பக்கம். செப்பில் மை போடும்போது அந்த ‘அ’ கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பி இருக்க வேண்டும். நேராகப் படிக்க முடிந்தால் நிறுத்திவிடுங்கள், தப்பு நடந்துகொண்டிருக்கிறது. 1-ஆம் காலின் வட்டத்தை மட்டும் சதுரமாக வரைந்துவிட்டேன், எந்தப் பக்கம் பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

கவிழ்த்த தாளைச் செப்பின்மேல் ஒட்டி, ஒவ்வொரு துளை வரும் இடத்திலும் காம்பஸ் முள்ளால் லேசாகக் குத்தினேன். இது இரண்டு வேலை செய்யும். மார்க்கருக்கு இடம் காட்டும், பிறகு டிரில் பிட் வழுக்காமல் உட்காரும். தாளை எடுத்துவிட்டு, செப்பைப் பாத்திரம் தேய்க்கும் தூளும் கம்பி நாரும் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். அதன்பின் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் மையும் பிடிக்காது, அரிப்பும் சீராக இருக்காது.

பெர்ரிக் குளோரைடு பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை நான் அதைக் கூடத்திலேயே கலக்க உட்கார்ந்தேன். அப்பா பார்த்துவிட்டார். தறியில் பாதிச் சேலை ஏறியிருக்கிறது. இந்தப் பழுப்புத் தண்ணீர் ஒரு சொட்டு பாவில் தெறித்தால் கறை போகாது, ஜரிகையில் இருப்பதோ வெள்ளி. "எடுத்துக்கினு கொல்லைக்குப் போ" என்று அவர் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. கோபித்துக்கொண்டுதான் போனேன். இப்போது யோசித்தால் அவர் சொன்னது எந்த லேப் புத்தகத்தையும்விடச் சரியான பாதுகாப்பு விதி. திறந்த இடம், பழைய துணி, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. பிளாஸ்டிக் டிரே மட்டும். எவர்சில்வர், அலுமினியம் கூடாது, அதையும் தின்றுவிடும். தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தூளில் தண்ணீரை ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும்.

உள்ளே நடப்பது எளிய ரசாயனம். பெர்ரிக் குளோரைடு செம்பிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கித் தான் பெர்ரஸ் ஆகிவிடுகிறது. செம்பு குப்ரிக் குளோரைடாகக் கரைந்து போகிறது. மை மூடிய இடத்தில் தண்ணீர் தொடாததால் அங்கே மட்டும் செம்பு மிஞ்சும். வெதுவெதுப்பாக இருந்தால் வேகம் கூடும். டிரேயைத் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது. மீந்த திரவத்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். செம்பு கரைந்த தண்ணீர் மீனுக்கும் பயிருக்கும் விஷம். சலவை சோடா போட்டு அடங்கவிட்டு, வண்டலைப் பாட்டிலில் எழுதி ஒட்டி லேபில் கொடுத்துவிட்டேன்.

உலகத்தில் முதன்முதலில் அச்சடித்த சர்க்யூட்டைச் செய்தவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் பால் ஐஸ்லர் இதே வேலையைத்தான் செய்தார். வியன்னாக்காரர், 1936-இல் இங்கிலாந்துக்கு வந்து, உலோகத் தகட்டில் வேண்டாததை அரித்தெடுத்து ஒரு ரேடியோவே செய்து காட்டினார். ஒயர் ஒயராகப் பெண்கள் சால்டர் செய்வதே மலிவு என்று அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டுகளின் ஃபியூஸுக்குத் தேவைப்பட்டபோதுதான் இந்த முறைக்கு மவுசு வந்தது.

துளைக்கு ஐ.சி. கால்களுக்கு 0.8, மற்றவற்றுக்கு 1 மில்லிமீட்டர் பிட். செப்புப் பக்கத்திலிருந்து துளையிடுங்கள். சால்டரிங்கில் முதலில் ஜம்பர், ரெசிஸ்டர், பிறகு ஐ.சி. பேஸ், கெப்பாசிட்டர், கடைசியாக டிரான்சிஸ்டர். பி.சி. 547-இன் தட்டை முகம் நம்மைப் பார்த்து, கால் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எல்லா டிரான்சிஸ்டரும் இப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை ஐ.சி.யை நேரடியாக சால்டர் செய்யவில்லை. பேஸ் காலியாக இருக்கும்போதே பேட்டரியை மாட்டி, பேஸின் 8-ஆம் துளையில் மல்டிமீட்டர் சிவப்பு முள்ளையும் 1-ஆம் துளையில் கறுப்பையும் வைத்தேன். 9.1 வோல்ட். மைனஸ் குறி இல்லை! இந்தப் பத்து வினாடிச் சோதனையை முதல் தடவை செய்திருந்தால் ஒரு ஐ.சி. பிழைத்திருக்கும். அதன்பிறகுதான் 555-ஐ அழுத்தினேன்.

மறுநாள் காலை ஐந்தேகால் மணிக்கு அது கத்தியது. நான்தான் முதலில் எழுந்தேன். அம்மா குடத்தை எடுக்க ஓடும்போதே, "அந்தச் சனியனை முதல்ல நிறுத்துடி, தெருவே எழுந்துக்கப் போவுது!" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பகலில் தறியை விட்டு அம்மா ஒரு தடவைகூட வாசலுக்கு வரவில்லை என்று தம்பி சொன்னான்.

நாலாம் நாள் சத்தம் வரவில்லை. பேட்டரி காலி. 555 வாய் மூடி இருக்கும்போதும் சுமார் 5 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. சின்ன ஒன்பது வோல்ட் பேட்டரி நாலு நாள்தானே தாங்கும்? இதை நான் யோசிக்கவே இல்லை. ஐ.சி.எம். 7555 என்று சிமாஸ் வகை ஒன்று இருக்கிறது, அதே கால்கள், குடிப்பது நூறு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. அடுத்த முறை ரிச்சி தெரு போகும்போது வாங்க வேண்டும். இப்போதைக்கு ஒரு ஸ்விட்ச் வைத்து, படுக்கப் போகும்போது போட்டு, தண்ணீர் பிடித்ததும் அணைத்துவிடுகிறோம். அடாப்டர் போடலாமே என்று கேட்பீர்கள். ஈரக் கையும் குடமும் இருக்கும் இடத்துக்குக் கரண்டு இணைப்பு எதையும் கொண்டுபோக எனக்குத் தைரியம் இல்லை. நீங்களும் பேட்டரியோடு நில்லுங்கள்.

குடத்துக் கம்பிகளும் ஒரு வாரத்தில் பச்சை பிடித்தன. நேர்மின்சாரம் தண்ணீர் வழியாகப் போனால் பிளஸ் பக்கச் செம்பு கரையத்தானே செய்யும். குடிக்கிற தண்ணீராயிற்றே! இப்போது இரண்டு பழைய எவர்சில்வர் ஸ்பூன். அதுவும் குழாய்க்கு அடியில் இதற்கென்று வைத்த தனிச் சொம்பில்தான் தொங்குகிறது, அந்தத் தண்ணீர் செடிக்கு.

இன்னும் ஒரு குறை பாக்கி. போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்து, வீடே எழுந்து ஓடிப் பார்த்தால் மழை. சொம்பு நிறைந்திருக்கிறது, குழாய் காய்ந்திருக்கிறது. மழைத் தண்ணீருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க 324 ஐ.சி. ஒன்றை வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மழைத் தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் ரெசிஸ்டன்ஸ் கூடுதலாக இருக்க வேண்டும். பதினாலு கால். தெர்மோகோலில் குத்தி வைத்திருக்கிறேன். மூலையில் ‘அ’ எழுதியாகிவிட்டது. "சொம்பு மேல ஒரு தட்டு கவுத்து வெச்சா போதாதாடி?" என்கிறாள் அம்மா.